அத்தை போட்ட லாடம்

பொடி அரைக்கிற கல்வத்தின் முன்னால் உட்காரும்போது புடவையில் ஊக்கு இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அது சட்டம். என் கணவர் சகாதேவன் போட்டது. தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஊக்குகளைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் நான் அரைக்க ஆரம்பிக்கலாம். எவர்சில்வர் கரண்டி, அரிவாள்மனை எதுவும் அந்த அறைக்குள் வரக் கூடாது. பொடியை எடுக்க எலும்புக் கரண்டி, வில்லையைப் பிடிக்கப் பிளாஸ்டிக் இடுக்கி. “நான் நிறுத்துப் போடற இரும்பு மட்டும்தான் இதுல இருக்கணும், வேதா. அதுக்கு மேல ஒரு தூசு இரும்பு வந்தாலும் மொத்தமும் பொய்யாயிடும்” என்பார்.

அவர் எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளர். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம், மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கல்யாணமாகி வட ஒத்தவாடைத் தெருவில் குடியிருந்தபோது, சென்னையில் பேராசிரியர் ராமகிருஷ்ணன் என்பவரிடம் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். வாரமெல்லாம் இங்கே பாடம் நடத்துவது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிச் சென்னைக்குப் போவது, ஞாயிற்றுக்கிழமை திரும்புவது. இது எழுபத்தெட்டு, எழுபத்தொன்பதில் நடந்தது.

நாங்கள் அரைத்த பொடியின் பெயர் பேரியம் டைட்டனேட். அதைப் பற்றி எனக்கு எப்படி விளங்கியதோ அப்படியே எழுதுகிறேன். காந்தத்துக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு முனை இருப்பது போல இந்தப் பொருளுக்குள் பிளஸ், மைனஸ் என்று மின்சாரத்துக்கு இரண்டு முனை உண்டு. வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அவை திரும்பும். நிறுத்திய பிறகும் திரும்பியபடியே நிற்கும். ஆனால் காந்த குணம் கிடையாது. டைட்டானியம் இருக்கிற இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இரும்பை உட்கார வைத்தால் அந்தக் குணமும் வரும். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வரவழைக்க முடியுமா, ரேடியோவில் குமிழைத் திருகி ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி காந்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

“ஒரே கல்லுக்கு ரெண்டு புத்தியா?” என்று கேட்டேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள்.

“ரெண்டும் ஒன்னோட ஒன்னு ஒத்துப் போவணும். அங்கதான் கஷ்டம். நீயும் எங்கம்மாவும் மாதிரி” என்றார்.

அரைத்த பொடியைக் கல்லூரியில் இருந்த அழுத்து இயந்திரத்தில் வைத்து மாத்திரை மாதிரி வில்லைகளாக்குவார். வெள்ளைப் பொடிதான், ஆனால் இரும்பு சேர்ந்த வில்லை சுக்குப்பொடி நிறத்தில் இருக்கும். அவற்றைப் பஞ்சில் பொதிந்து ஓர் அலுமினிய டிபன் டப்பாவில் வைத்து எடுத்துப் போவார். தகரமும் எவர்சில்வரும் ஆகாது என்று கடை கடையாகத் தேடி வாங்கிய டப்பா அது. சென்னையில் அந்த வில்லைகளை உலையில் வேகவைத்துக் காந்தம் எவ்வளவு என்று அளப்பார்கள்.

அந்தப் பொடி முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த வருஷம்தான் எங்கள் முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் இறந்து பிறந்தது. ஆண் குழந்தை. அவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். நான் மறுபடி முழுகாமல் இருந்தபோது, என்னைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் பச்சையம்மாள் கிராமத்திலிருந்து வந்தார். அத்தைக்கு வாய் நீளம். வந்த அன்றே அரைக்கிற அறையில் எட்டிப் பார்த்தார்.

“இன்னாடி இது?”

“அவரோட காலேஜ் மண்ணு, அத்தை.”

“மண்ணு வெள்ளையா இருக்குமா? சுடுகாட்டுல அள்ளினு வந்த மாதிரி இல்ல கீது.”

வெள்ளிக்கிழமை அந்தியில் அவர் டப்பாவோடு கிளம்பியபோது அத்தை வாசலில் மறித்துக்கொண்டார்.

“வயித்துப் புள்ளக்காரி கீற ஊட்லருந்து வெளக்கு வெக்கற நேரத்துல சாம்பலத் தூக்கினு போறியே, உனுக்கு அறிவு கீதா? கறிக்கொழம்பு எடுத்தும் போனாலே ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு போட்டுத்தான அனுப்புறோம்?”

“எம்மா, இது சாம்பல் இல்ல. இதுக்கு இரும்புதான் எமன்.”

“எமனுக்கே இரும்புன்னா பயம்டா. அதத்தான் நானும் சொல்றன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தி நேரத்துக்கும் அணுவுக்கும் சம்பந்தமில்லை என்று வாசலிலேயே ஒரு வகுப்பு எடுத்தார். அத்தை கேட்டுக்கொண்டே தன் பையிலிருந்து ஒரு லாடத்தை எடுத்தார். உழவு மாட்டின் குளம்பில் அடிக்கிற பிறைத் தகடு. மாடு தேய்த்துத் தேய்த்து மெலிந்து, துரு ஏறிப் பொரிந்திருந்தது. அலமாரியில் வைத்தார்.

“போட்டாப் போடு, போடாட்டி போ. உன் புள்ள.”

அந்த வாரம் அவர் அதைத் தொடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது அவர் அலமாரி முன்னால் நின்றிருந்தார். டிபன் டப்பா திறந்திருந்தது. லாடத்தைச் செய்தித்தாளில் மடித்து, பஞ்சின் மேல் வைத்து, மூடியை அழுத்தினார். பிறகுதான் என்னைப் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

“ரெண்டு மடிப்பு பேப்பர் இருக்குது” என்றார், நான் ஒன்றும் கேட்காமலேயே.

அத்தை அப்போது கொல்லையில் இருந்தார். பிற்பாடு அவர் என்ன சொல்லியிருந்தாலும், அவர் கை லாடத்தை டப்பாவில் வைக்கவில்லை. வாரா வாரம் இவரே வைத்தார். சென்னையில் தங்கும் அறையில் இவரே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். எங்களுக்குள் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. என் வயிறு வளர வளர அவர் அதை மறக்காமல் வைத்தார், அவ்வளவுதான்.

அந்த மாதங்களில் காந்தம் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிக இரும்பு சேர்த்துச் செய்த வில்லைகளை எடுத்துப் போனார். ஒவ்வொரு முறையும் போன தடவையைவிட ஜாஸ்தி காந்தம். அடைமழைக் காலம், ஒழுகுகிற பஸ், செஞ்சி தாண்டினால் ரோடெல்லாம் குழி. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நனைந்து வந்து இறங்குகிறவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருக்கும். “குமிழ் என் கையில வந்துடுச்சு, வேதா” என்றார் ஒருநாள். பேராசிரியர் அந்த அளவுகளை ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார். அச்சாகி வந்தது. அதில் இவர் பெயர் முதலில், பேராசிரியர் பெயர் அடுத்தது. வேதியியல் துறை ஆதிமூலம், கல்லூரியில் இவருக்கு ஒரே நெருங்கிய நண்பர், வீட்டுக்கு வந்து, “தங்கச்சி, உன் புருசன் பக்கத்துல ஆணி கீணி மாட்டாத, ஒட்டிக்கும்” என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாக. அடுத்த பயணத்துக்கு இவர் கட்டி வைத்திருந்த டிபன் டப்பாவை அத்தை திறந்து பார்த்தார், உள்ளே லாடம் இருந்தது. வாய்க்குள் சிரித்துக்கொண்டு அதை எடுத்துத் தூளிக்கு அடியில் தரையில் வைத்தார். பச்சைக் குழந்தை தூங்குகிற இடத்தில் இரும்பு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதன் பிறகு டப்பாவில் லாடம் போகவில்லை.

காந்தமும் போய்விட்டது.

முதலில் உலையில் கோளாறு என்று நினைத்தார்கள். பிறகு அளக்கிற கருவியில். பேராசிரியர் எல்லா வில்லைகளையும் புதிதாகச் செய்து வரச் சொன்னார். இரவு பகலாகக் கல்வத்தில் அரைத்தோம். எதிலும் பழைய காந்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் பேராசிரியர் பழைய வில்லைகளைச் சூடாக்கிப் பார்த்து இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டார். இரும்பு கூடக் குறைய இருந்தால் காந்தம் செத்துப் போகிற சூடும் மாற வேண்டும். பழைய வில்லைகளிலோ எல்லாம் ஒரே சூட்டில் செத்தன. ரேடியோ ஒலிபெருக்கிக்குப் பின்னால் கறுப்பாக ஒரு காந்தம் இருக்குமே, அதுவும் அதே சூட்டில்தான் சாகுமாம். பேரியமும் துருவும் சேர்ந்து வெந்தால் கிடைப்பது அந்தக் காந்தம். அப்படியென்றால் வெளியிலிருந்து இரும்பு வந்து சேர்ந்திருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிடவில்லை. தூளிக்குக் கீழே கிடந்த லாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்து விரலால் தேய்த்தார். விரலில் காவிப் பொடி ஒட்டியது.

“சொல்லிடுங்களேன்” என்றேன்.

“என்னான்னு சொல்றது? காந்தத்துல ஆராய்ச்சி பண்றவன் காத்து கறுப்புக்குப் பயந்து லாடம் கட்டினு வந்தேன்னா?”

அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

பேராசிரியர் ராமகிருஷ்ணன் வருஷத்துக்கு ஒரு தடவை ரமணாசிரமத்துக்கு வருவார், செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்குவார். அந்த வருஷம் வந்தபோது, பொடி அரைக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆதிமூலத்தைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மெலிந்த உருவம், கதர்ச் சட்டை. சட்டைப் பையிலிருந்து நூலில் கட்டிய சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து அறை முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தார். கல்வம், பலகை, துணி, பொடி பாட்டில்கள். எதிலும் ஒட்டவில்லை. ஊக்கு சட்டத்தைப் பற்றி நான் சொன்னதும் தலையை ஆட்டி, “இவ்வளவு சுத்தமா எங்க லேப்லயே இல்லையேம்மா” என்றார். அதைக் கேட்டு என் கணவர் இன்னும் குனிந்துகொண்டார்.

பேராசிரியர் கூடத்தில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சகாதேவன், அச்சுல வந்தத திருப்பி வாங்கணும். எனக்கு அதுல வெட்கமில்ல. தப்பு எல்லாருக்கும் வரும். ஆனா திருப்பி வாங்கும்போது காரணம் எழுதணும். நாம எழுதலேன்னா மத்தவங்க ஒரு காரணம் எழுதுவாங்க. ஏற்கெனவே டிபார்ட்மென்ட்ல பேசறாங்க.”

“என்ன பேசறாங்க சார்?”

“வில்லைல இரும்புத் தூள் கலந்துட்டு வந்துட்டார்னு. மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் கலந்தார்னு. கணக்கு அவ்வளவு ஒழுங்கா ஏறியிருக்கு பாருங்க.” அதே குரலில், “கலந்தீங்களா?” என்று கேட்டார்.

நான் குழந்தையை வைத்துக்கொண்டு சமையலறை நிலையில் நின்றிருந்தேன். ஆதிமூலம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றால் மட்டும் போதாது, இரும்பு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கலந்தேன் என்றால் திருடன். பட்டம் போகும், வேலைகூடப் போகலாம். லாடத்தைச் சொன்னால் திருடன் என்ற பேர் போய்விடும். ஆனால் அந்த மனிதர் முன்னால், ஆதிமூலம் முன்னால், ஊக்கைக் கழற்றச் சொன்ன என் முன்னால், பேய்க்குப் பயந்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “சார், நான்...” என்று ஆரம்பித்தார். மறுபடி, “நான் வந்து...” என்றார்.

அத்தை காப்பி டம்ளர்களைத் தரையில் வைத்தார். தூளிக்கு அடியில் குனிந்து, லாடத்தை எடுத்து வந்து பேராசிரியருக்கு முன்னால் வைத்தார்.

“இதத்தான சாமி தேடுறீங்க? நான்தான் போட்டன். இவனுக்கு ஒன்னும் தெரியாது.”

பேராசிரியர் நிமிர்ந்தார். “எங்க போட்டீங்க?”

“டப்பாவுலதான். வயித்துப் புள்ளக்காரி ஊட்லருந்து அந்தியில எடுத்தும் போறானே, இரும்பு இல்லாம எப்படி அனுப்புறது?”

“டப்பாவத் திறக்கும்போது இவர் பார்த்திருப்பாரே?”

“பார்த்தா உடுவானா? தூக்கி எறிஞ்சிருப்பான். பஞ்ச மெத்த மாதிரி தெச்சி உள்ள வெச்சிட்டன். இவன் மேலாப்புல மேலாப்புல அடுக்கினு போனான்.”

அத்தைக்கு ஊசியில் நூல் கோக்கவே கண் தெரியாது. அது எனக்குத் தெரியும், என் கணவருக்கும் தெரியும். பேராசிரியருக்கு எப்படித் தெரியும்? அவர் லாடத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். விரலில் காவி ஒட்டியது. நூல் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார், டக்கென்று ஒட்டிக்கொண்டது. “குலுங்கற பஸ்ல ஆறு மணி நேரம். பஞ்சு வழியா துரு வந்து ஒட்டியிருக்கு. மழை ஜாஸ்தியாக ஆக துருவும் ஜாஸ்தி” என்று தனக்குத்தானே சொன்னார். அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஆதிமூலமும் மூச்சு விட்டு, உடன் சிரித்தார்.

“அம்மா, ஒலிபெருக்கிக் காந்தம் செய்யறதுக்கு ஃபேக்டரி வெச்சிருக்கான். நீங்க டிபன் டப்பாலயே செஞ்சிட்டீங்க.”

“இன்னாவோ சாமி. கொழந்த நல்லாப் பொறந்துச்சு. எனக்கு அது போதும்.”

பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கணவர் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தெரியவே தெரியாதா?”

இவர் அத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. நான் வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்று அது கேட்டது.

“தெரியாது சார்” என்றார்.

அதோடு முடிந்துவிட்டது. பேராசிரியர் காப்பி குடித்தார். அத்தையிடம் அனுமதி கேட்டு லாடத்தைத் தன்னோடு எடுத்துப் போனார், மேஜைமேல் வைத்துக்கொள்ள. எடுத்துச் சென்ற பெட்டியில் இருந்த பழைய இரும்பின் துரு கலந்துவிட்டது என்று எழுதி, அச்சிட்டதைத் திருப்பி வாங்கினார்கள். யார் மேலும் பழி வரவில்லை. அத்தை மேல் வந்ததைப் பழி என்று யாரும் நினைக்கவில்லை, வேடிக்கை என்று நினைத்தார்கள்.

ஆதிமூலம் கல்லூரியில் சொன்னார். பேராசிரியர் போன கூட்டத்தில் எல்லாம் சொன்னார். ஆராய்ச்சியில் சுத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைவிட நல்ல கதை கிடையாதாம். வெளியூரிலிருந்து கல்லூரிக்கு வந்த ஒருவர், “அந்த லாடத்தம்மா இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். அத்தை அவருக்கும் பஞ்சு தைத்த விதத்தைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதையில் ஊசியின் நம்பர்கூட வந்துவிட்டது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் மாணவர்கள், “பாட்டி, லாடம் இருக்குதா?” என்று கேட்டபோது, “உன் காலுக்கு அடிக்கத்தான் வெச்சினு கீறேன், நீட்டு” என்றார். பஸ்ஸே சிரித்தது.

என் கணவர் சிரிக்கவில்லை. அத்தை பரிமாறினால் தலை நிமிராமல் சாப்பிடுவார். அம்மா என்று கூப்பிடுவது குறைந்துபோனது. பேராசிரியரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த மேஜைமேல் லாடம் இருக்கும், வருகிறவர்களுக்கு அவர் எடுத்துக் காட்டுவார். இவர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். பிறகு காந்தத்தையே விட்டுவிட்டு, அதே பொருளின் மின்சார குணத்தில் மட்டும் வேலை செய்து எண்பத்து மூன்றில் பட்டம் வாங்கினார். அதற்கு அரைத்துக் கொடுக்க என்னை அவர் கூப்பிடவில்லை. ஊக்கைக் கழற்று என்று என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்று நினைக்கிறேன்.

எண்பத்தைந்தில் பேராசிரியர் ஓய்வு பெற்றார். எங்கள் கல்லூரியில் அவருக்குப் பாராட்டு வைத்தார்கள். ஆதிமூலம் வற்புறுத்தி அத்தையையும் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். நானும் பெண்ணும் பக்கத்தில். பேராசிரியர் பேசும்போது அந்தக் கதையைச் சொன்னார். நன்றாகச் சொல்லத் தெரிந்தவர். நூல் காந்தம், பஞ்சு மெத்தை, மழை, பஸ் எல்லாவற்றையும் சொன்னார். “அந்த விஞ்ஞானி இங்கயே உட்கார்ந்திருக்காங்க” என்று கையைக் காட்டினார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அத்தை எழுந்து நாலா பக்கமும் கும்பிட்டார். அறுபத்தைந்து வயசுக்கு மேலே, காதில் கம்மல் ஆட, வெட்கப்பட்டுக்கொண்டு கும்பிட்டதை மேடையிலிருந்து என் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றி சொல்ல வேண்டியது இவர். மைக் முன்னால் வந்து, கையில் இருந்த காகிதத்தைப் பையில் வைத்துவிட்டார்.

“சார் சொன்னதுல ஒரு திருத்தம் இருக்குது. அந்த லாடத்த எங்கம்மா போடல. நான்தான் போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன். எங்க முதல் குழந்த தவறிப் போனதுனால எனக்குப் பயம். அன்னிக்கு சார் கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னது பொய்.”

பேராசிரியர் எழுந்தார். மெதுவாக வந்து இவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு, மைக்கை இழுத்தார். அவர் குரல் தழுதழுத்தது.

“பார்த்தீங்களா? அம்மாவ நாலு பேர் பார்த்து சிரிக்கறது இவருக்குப் பொறுக்கல. அந்தத் தப்ப தன் தலைல தூக்கிப் போட்டுக்கறார். இதான் புள்ள.”

“இல்ல சார். நெஜமாவே...”

மேற்கொண்டு இவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கை தட்டினார்கள். பின்வரிசை மாணவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பேராசிரியருக்குப் போட்டது போக மீதி இருந்த மாலையை ஆதிமூலம் ஓடிப்போய் எடுத்துவந்து இவர் கழுத்தில் போட்டார். இவர் மாலையோடு நின்று, யாரையோ தேடுகிற மாதிரி கூட்டத்தைப் பார்த்தார்.

மூன்று வருஷத்தில் என் கணவர் போய்விட்டார். மாரடைப்பு, நாற்பத்து நான்கு வயசு. இரங்கல் கூட்டத்தில் ஆதிமூலம் பேசியபோது, “தாயின் பிழையைத் தன் பிழையாகச் சொன்ன தனயன்” என்றார். கூட்டம் முடிந்து அவர் என்னிடம் வந்தபோது, “அண்ணா, அவருதான் போட்டாரு. நான் கண்ணால பார்த்தேன்” என்று சொன்னேன். அவர் கண் கலங்கியது. “அவன் பொண்டாட்டி ஆச்சே நீ. அவன மாதிரியேதான் பேசுவ” என்றார். அத்தையிடம் கேளுங்கள் என்று சொல்லவும் வழியில்லை. அத்தை மகனுக்கு முந்தின வருஷமே போய்விட்டார். உயிரோடு இருந்திருந்தாலும் பஞ்சு தைத்த கதையைத்தான் சொல்லியிருப்பார்.

அந்தப் பாராட்டு விழா முடிந்த சாயங்காலத்தையும் எழுதிவிடுகிறேன். அதை வேறு யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் மாலையைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டி மேல் போட்டார். அத்தை சாமி மாடத்தின் முன்னால் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் நேராகப் போய் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“எம்மா, நான் நெஜத்தச் சொன்னேன்மா. கை தட்டறாங்கம்மா.”

“கேட்டுதே.”

“யாரும் நம்பல.”

“எதுக்குடா நம்பணும்? இத்தன வருசமா நான் சொல்லினு கீறேன். என்னப் பார்த்து சிரிச்சா என் அடுப்பு எரியலியா? நல்லாத்தான எரிஞ்சுது.”

“நீ எழுந்து கும்பிட்டியே, அதப் பார்க்க முடியல எனக்கு.”

அத்தை துடைப்பதை நிறுத்தினார். மகன் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. அப்படிச் சொல்ல அவருக்கே மனசில்லாத மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“அன்னிக்கு அந்தச் சாமி உன்னக் கேட்டாரு பாரு, தெரியாதான்னு. நான் போட்டன்னு சொன்னது என் வாயி. அதுக்கப்புறம் உன் வாயத்தான் பார்த்தினு இருந்தன். அப்ப சொல்லியிருந்தியானா அது எனுக்கு. இன்னிக்கு சொன்னது உனுக்குடா.”

இவர் தலை கவிழ்ந்தது. அத்தை கையை ஊன்றி எழுந்து, சமையலறைக்குப் போய்ச் சோற்றைப் போட்டு எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

“சாப்புடு. ஆறிடும்.”

அவர் தட்டில் கை வைத்தார். பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. எங்கள் பெண், “அப்பா ஏன் அழுவுறாரு?” என்று என்னிடம் கேட்டாள். மிளகாய் காரம் என்று அத்தைதான் முந்திக்கொண்டு சொன்னார்.